புறத்தே தெரியாப் புண்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

வெண்ணிப் பறந்தலையில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், பகைவன் வேல் தன் மார்பைத் துளைத்து முதுகிலும் புண் செய்துவிட்டதே என நாணி, வடக்கிருந்து உயிர்நீத்தான் என்பதைப் பள்ளி நாள் முதலே படித்து வருகிறோம். அவனைப் போற்றிப் புலவர்கள் பாடியதையும் புறநானூற்றில் காண்கிறோம். வரலாற்று மாணவன் என்ற முறையில் எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. உடலில் பட்ட புண்ணுக்கே, அது பட்ட இடம் கருதி ஒரு மன்னன் இத்துணை நாணினான் என்றால், உடலில் எங்குமே காணப்படாத புண்ணோடு வீடு திரும்பியவன் என்ன செய்வான்? அதை யாரிடம் காட்டுவான்? போரில் வீழ்ந்தவனுக்கு நம் முன்னோர் நடுகல் நட்டனர்; பூச்சூட்டிப் படையலிட்டனர். வீழாமல் திரும்பி வந்தவனுக்கு என்ன செய்தனர் என்று தேடினால் விடை எளிதில் கிட்டவில்லை.

இந்த ஐயம் நூலகத்தில் பிறந்ததன்று. எங்கள் வீட்டுத் திண்ணையில் பிறந்தது.

வேலூர்ப் பகுதியைச் சேர்ந்த மாணவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்று அழைக்கும் அளவுக்குப் படைக்கு ஆள் அனுப்பிய மண் இது. எங்கள் ஊர் அவ்வளவு புகழ் பெற்றதன்று. ஆயினும் தெருவுக்கு நான்கு வீட்டிலாவது பெயரும் படை எண்ணும் வெள்ளைச் சாயத்தில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று பரண்மேல் இருக்கும். என் பெரியப்பாவின் பெட்டியும் அவற்றுள் ஒன்று.

பெரியப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் அவில்தாராக இருந்தவர். 1780-ஆம் ஆண்டில் தோன்றிய பழம்பெரும் பிரிவு அது. பாலம் கட்டுவதும், பாதை அமைப்பதும், கண்ணிவெடி புதைப்பதும் எடுப்பதும் அவர்கள் தொழில். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத்தின்மீது தாக்குதல் நடந்தபின், 'ஆபரேஷன் பராக்ரம்' என்ற பெயரில் நம் படைகள் மேற்கு எல்லையில் குவிக்கப்பட்டன. எல்லை நெடுகக் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டன. பத்து மாதம் கழித்துப் போர் நிகழாமலே படைகள் திரும்ப அழைக்கப்பட்டன. செய்தித்தாள்களுக்கு அத்துடன் கதை முடிந்தது. புதைத்த வெடிகளைத் திரும்ப எடுக்க வேண்டியவர்களுக்கு அப்போதுதான் கதை தொடங்கியது. ராஜஸ்தானில் மணல் இடம் பெயர்ந்துவிடும். நேற்று இருந்த மேடு இன்று இராது. வரைபடத்தில் குறித்த இடத்தில் வெடி இருக்கும் என்ற உறுதியில்லை. குப்புறப் படுத்து, கூர்முனைக் கோலால் மண்ணைச் சாய்வாகக் குத்திக் குத்திப் பார்த்து, துப்புரவான தடத்துக்கு இருபுறமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே முன்னேற வேண்டும். நாடாவுக்கு உள்ளே உயிர், வெளியே உறுதியில்லை. அந்த வேலையில் பெரியப்பாவுக்கு முன்னால் சென்ற நண்பர் ஒருவர் காலை இழந்தார்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்தது சென்ற ஆண்டில்தான். அதுவரை எனக்குத் தெரிந்த பெரியப்பா, ஓய்வுபெற்று வந்தபின் சொந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டில் குந்தியிருந்த மனிதர். வயலுக்குப் போனால் வண்டித் தடத்தில் மட்டுமே நடப்பார். புல் முளைத்த வரப்பில் கால் வைக்கமாட்டார். "பட்டாளத்துல சம்பளம் வாங்கின ஒடம்பு, சேத்துல எறங்குமா?" என்று ஊரார் பேசினர். பெரியம்மா பதில் சொல்லாமல் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஒரு தீபாவளியன்று, திண்ணையில் உட்கார்ந்திருந்த அவருக்குப் பின்னால் விளையாட்டாக ஓர் அணுகுண்டு வெடியைக் கொளுத்தி வைத்தேன். வெடித்த மறுகணம் அவர் என்னை இழுத்துக் கீழே தள்ளி என்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது என் முதுகில் தெரிந்தது. எழுந்து பார்த்தால் தெருவே சிரித்துக்கொண்டிருந்தது. நானும் சிரித்தேன். அன்றிலிருந்து தீபாவளிக்கு முதல் நாளே அவர் பேருந்து ஏறி எங்கோ போய்விடுவார். எங்கே போகிறார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் எங்கள் ஊரிலேயே அமைந்தது. படை மருத்துவப் பிரிவில் செவிலிய உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்களை வந்து பார்த்தார். ஊரார் அவரைச் 'சுபேதார் ஐயா' என்பர். "ரத்தசோகைக்கு முகாம் போடுறீங்க, கண்ணுக்குப் போடுறீங்க. பட்டாளத்துக்காரனுக்கு மனசு இல்லையா?" என்றார். அவரும், ஊர்ச் செவிலியர் ஒருவரும், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் சேர்ந்து, முன்னாள் படைவீரர் சங்கக் கட்டடத்தில் மாதம் ஒருமுறை கூட்டம் நடத்த விரும்பினர். எழுதவும், ஆளைக் கூட்டவும், படிவம் நிரப்பவும் மாணவர்கள் வேண்டும் என்றனர். நாங்கள் ஆறு பேர் ஒப்புக்கொண்டோம்.

முதல் கூட்டத்துக்கு 'முன்னாள் படைவீரர் மனநல முகாம்' என்று கொட்டை எழுத்தில் தட்டி எழுதிச் சாவடியருகே கட்டினோம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரும் நேரத்துக்கு வந்துவிட்டார். நாற்பது நாற்காலி போட்டிருந்தோம். ஒருவர் வந்தார், அவரும் அன்று கட்டடத்தில் சீட்டாட்டம் உண்டா என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தத் தட்டியைப் பார்த்தபின் எவன் வருவான்? 'இவன் பைத்தியம்' என்று ஊரறியக் கையெழுத்திட்டுக் கொடுப்பது போலன்றோ அது! எங்கள் அறியாமையை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறேன்.

இரண்டாம் முறை சுபேதார் ஐயா தட்டியை மாற்றச் சொன்னார்: 'ஓய்வூதிய உதவி முகாம்'. இப்போது படையினர் ஓய்வூதியம் 'ஸ்பர்ஷ்' என்ற கணினி முறை வழியே வருகிறது. ஆண்டுதோறும் உயிருடன் இருப்பதாகச் சான்று பதிய வேண்டும். பிறந்த தேதியோ மனைவி பெயரோ ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருந்தால் அதைச் சரிசெய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அன்று முப்பத்தோரு பேர் வந்தனர். நாங்கள் கைப்பேசியில் சான்று பதிந்துகொண்டிருக்கும்போது, "தூக்கம் எப்படிங்க ஐயா?" என்று செவிலியர் பேச்சுவாக்கில் கேட்பார். பாதிப் பேர் "அதை ஏன் கேக்கறம்மா" என்றனர். அந்த ஒரு கேள்வியே போதுமாக இருந்தது. வயிற்றுவலியையும் தூக்கமின்மையையும் ஒப்புக்கொள்ள எவரும் நாணுவதில்லை.

இனி, இந்நோய் யாது என்பதைச் சற்று விளக்க வேண்டும். போருக்குச் சென்றவர் எல்லாரும் நோயுற்றுத் திரும்புவதில்லை. பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர். ஆனால் சிலருக்கு, உயிருக்கு நேர்ந்த ஆபத்து மனத்தில் பழைய நிகழ்ச்சியாகப் படியாமல் இப்போது நடப்பதாகவே தங்கிவிடுகிறது. கொல்லைக் காவலுக்குப் பரண்மேல் ஏற்றிய ஆள், அறுவடை முடிந்து தாளும் மடங்கிய பின்னும் இறங்க மறுத்து இரவெல்லாம் தகரம் தட்டிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான். கனவிலும் நினைவிலும் அக்காட்சி அழையாமல் வருதல்; அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் விலக்குதல்; தன்மீதே பழி சுமத்தி, அன்புக்குரியோரிடத்தும் ஒட்டாதிருத்தல்; சிறு ஓசைக்கும் துள்ளி எழுதல், எரிந்து விழுதல், உறங்காமை. இவை ஒரு திங்களுக்கு மேல் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால் மருத்துவர் இதனை அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் என்பர். வரப்பில் கால் வைக்காத பெரியப்பாவுக்குச் சோம்பல் இல்லை என்று எனக்குப் புரிந்தது இதைக் கேட்ட அன்றுதான். அவர் இன்னும் வெள்ளை நாடாவுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார்.

இந்நோய்க்குப் பெயர் கிடைத்த வரலாறு தனிக் கதை. முதல் உலகப் போரில், காயம் ஏதுமின்றி நடுங்கியும் பேச்சிழந்தும் வந்த வீரர்களைப் பற்றி மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் 1915-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். குண்டதிர்ச்சி என்ற பொருள்படும் 'ஷெல் ஷாக்' என்ற சொல் மருத்துவ உலகுக்கு அவ்வாறு அறிமுகமாயிற்று. எடின்பரோவை அடுத்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் ரிவர்ஸ் என்ற மருத்துவர், நடந்ததை மறக்கச் சொல்லாமல் பேசவைத்துக் குணப்படுத்த முயன்றார். ஆனால் அங்கே பண்டுவம் பெற்றவர்கள் அதிகாரிகள். சாதாரணச் சிப்பாய்க்கு வாய்த்தது வேறு. படையைவிட்டு ஓடியது, கோழைத்தனம் முதலான குற்றங்களுக்காக பிரிட்டிஷ் படை சுட்டுக்கொன்ற வீரர்களுள் 306 பேருக்கு 2006-ஆம் ஆண்டில்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களுள் எத்தனை பேர் நோயாளிகளோ! தொண்ணூறு ஆண்டு கழித்து வந்த மன்னிப்பால் அவர்களுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். அவர்கள் பேரப்பிள்ளைகள் அதற்காகப் போராடினார்கள் என்பதை எண்ணினால், பயன் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

வியட்நாம் போர் முடிவுறாமல் இருந்த 1970-ஆம் ஆண்டளவில், நியூயார்க்கில் அப்போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் தாமே கூடிப் பேசத் தொடங்கினர். அரசு மருத்துவமனைகள்மீது அவர்களுக்கு நம்பிக்கையில்லை. ராபர்ட் லிஃப்டன், சைம் ஷாட்டன் என்ற மனநல மருத்துவர்கள் இருவர் அவர்களுடன் அமர்ந்தனர். மேசைக்கு அப்புறமாக அன்று, வட்டத்தில் ஒருவராக. அந்த வட்டங்களில் கேட்டவற்றை அவர்கள் மருத்துவ உலகின்முன் வைத்தனர். 1979-இல் அமெரிக்க அரசு, மருத்துவமனையின் வாடையே இல்லாத கடைத்தெருக் கட்டடங்களில் 'வெட் சென்டர்' என்னும் நிலையங்களைத் திறக்கச் சட்டம் செய்தது. அங்கே பணியாற்றுவோரில் பலர் தாமே போர் கண்டவர்கள். இன்று அத்தகைய நிலையங்கள் சுமார் 300 உள்ளன. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இந்நோய் முறையாக இடம்பெற்றது. பின்னர் நடந்த பெரிய ஆய்வில், வியட்நாமில் பணிபுரிந்த ஆண்களில் 100-க்கு 15 பேர், போர் முடிந்து பத்தாண்டுக்கு மேலாகியும் இந்நோயுடன் இருந்தது தெரியவந்தது. மருத்துவர்கள் கண்டுபிடித்து வீரர்களுக்குச் சொன்னதன்று இது. வீரர்கள் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து மருத்துவர்களுக்குச் சொன்னது. சுபேதார் ஐயாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப நாமளும் நாற்காலியை வட்டமாப் போடுவோம்" என்றார். அவ்வளவுதான், அதுமுதல் வட்டம்தான்.

நம் நாட்டில் ஏற்பாடே இல்லை என்று சொல்வது தவறு. முன்னாள் படைவீரருக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம் 2003 முதல் நடக்கிறது. உறுப்பினரின் மனைவியும் அதில் சேரலாம். மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையில் இலவசமாக மருத்துவரைப் பார்க்கலாம். மனநலம் பேணல் உரிமை என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. 2022 அக்டோபர் முதல் 'டெலிமானஸ்' என்ற தொலைபேசி உதவி இயங்குகிறது. 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. 2023 டிசம்பரில் படையினருக்கென்று புனேயில் அதற்கு ஒரு தனிப் பிரிவும் திறந்தனர். ஆனால் ஊரிலிருந்து படைவீரர் மருத்துவ நிலையத்துக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர்களில் ஒருவருக்கும் 14416 தெரியாது. ஏற்பாட்டுக்கும் மனிதனுக்கும் நடுவே உள்ள அந்த இரண்டு பேருந்து தூரத்தைத்தான் நாங்கள் சுமக்கிறோம். அட்டை வாங்கித் தருவது, நாள் குறிப்பது, உடன் செல்வது, மாத்திரை தீருமுன் நினைவூட்டுவது. இவற்றில் வீரதீரம் ஒன்றும் இல்லை. பேருந்துச் சில்லறை எண்ணும் வேலையே மிகுதி.

பண்டுவம் செய்வது எங்கள் வேலையன்று. மருத்துவர் எங்களை உட்காரவைத்து இதை முதலிலேயே சொல்லிவிட்டார். "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று ஒருபோதும் கேட்கக்கூடாது. (நம்மில் யார்தான் சிறுவயதில் அதைக் கேட்கவில்லை!) அறிவுரை கூறக்கூடாது. அறையில் கேட்டது அறையைவிட்டுப் போகக்கூடாது. அதனால்தான் இங்கே மற்றவர் கதை எதையும் நான் எழுதவில்லை. பெரியப்பாவின் கதையும் அவர் படித்துப் பார்த்து ஒப்பிய பின்னரே இங்கு வருகிறது. இன்னொன்றும் சொன்னார்: ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருப்பதாக ஐயம் எழுந்தால் நேராகக் கேட்டுவிட வேண்டும், கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை, கேட்டபின் அவரைத் தனியே விடக்கூடாது. அந்தக் கேள்வியை நான் ஒருமுறை கேட்க நேர்ந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கேட்டேன். அவர் நெடுநேரம் கழித்து, "நீயாவது கேட்டியே தம்பி" என்றார். அன்றிரவு சுபேதார் ஐயா அவர் வீட்டுத் திண்ணையிலேயே படுத்துக்கொண்டார். காலையில் முதல் பேருந்துக்கு மூவரும் கிளம்பினோம்.

நோய்க்குக் காரணம் போர்க்களம் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. முப்பத்தைந்து, நாற்பது வயதில் சிப்பாய் ஓய்வு பெற்றுவிடுகிறான். விடியலில் ஊதும் ஊதுகுழலும், உடன் உண்ணும் தோழனும், செய்ய வேண்டியதைச் சொல்லும் அதிகாரியும் ஒரே நாளில் இல்லாமற் போகின்றனர். மனைவியும் மக்களும் அவனில்லாமல் வாழப் பழகிவிட்டனர். பணம் எடுக்கும் இயந்திரத்துக்குக் காவலாக இரவெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் விழித்திருக்கும் வேலை கிடைக்கிறது. தூக்கமில்லாதவனுக்கு இரவு வேலை பொருத்தம் என்று அவனே சிரிப்பான். நோய் அங்கே நன்றாக ஊறுகிறது. படைவீரர் அங்காடியில் சலுகை விலையில் மாதக் கணக்கில் கிடைக்கும் ரம்மைப் பற்றி இம்மலரில் எழுதலாமோ கூடாதோ, எழுதிவிடுகிறேன். முதல் மாதம் அது தூக்கம் தரும். பிறகு தூக்கத்தையே கெடுக்கும். நோயைவிட அதை நிறுத்துவதே சிலருக்குக் கடினமாக இருக்கிறது.

நாங்கள் எதிர்பாராதது மனைவியர் வருகை. மூன்றாம் கூட்டத்துக்கு அவர்கள் தாமாகவே வந்து பின்வரிசையில் உட்கார்ந்தனர். இருபது ஆண்டாகக் கணவர் அருகில் போய் எழுப்பாமல், கால்மாட்டில் நின்று பெயர் சொல்லி எழுப்பக் கற்றவர்கள் அவர்கள். அதை ஒருவர் சொன்னதும் நால்வர் "எங்க வீட்லயும் அப்படித்தான்" என்றனர். பெரியம்மாவும் அவர்களுள் ஒருவர். தம் வீட்டுக்கு மட்டும் வந்த சாபம் என்று எண்ணியிருந்தாராம். இதைச் சொல்லிவிட்டு, ஓய்வுபெற்ற ஆசிரியையின் தோளில் சாய்ந்து அழுதார். அவர் அழுது அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

அவர் வழியாகத்தான் பெரியப்பா ஐந்தாம் கூட்டத்துக்கு வந்தார். வாசலோரம் உட்கார்ந்தார். முதல் மூன்று கூட்டத்தில் ஒரு சொல் பேசவில்லை. நான்காவதில் மணலைப் பற்றியும் நாடாவைப் பற்றியும், நண்பரைப் பற்றியும் பேசினார். "நான் முன்ன போயிருக்கணும். அன்னிக்கு மொற என்னுது" என்றார். இப்போது மருத்துவரிடம் போய்வருகிறார். முன்பு ஒரு தனியார் மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் தூக்க மாத்திரை மட்டும் எழுதித் தந்திருந்தனர். அதைச் சிறிது சிறிதாகக் குறைத்து, செர்ட்ராலின் என்னும் மருந்தைத் தந்துள்ளனர். அது பலன் தரச் சில வாரங்கள் ஆகும் என்பதைச் சொல்லி வைத்திராவிட்டால் பத்தாம் நாளே நிறுத்தியிருப்பார். அஞ்சி விலக்கியவற்றை மருத்துவர் துணையோடு படிப்படியாக அணுகும் பயிற்சியும் உண்டு. அவருக்கு முதற்படி, வரப்பில் பத்து அடி நடத்தல். இதுவரை நான்கு அடி ஆகியிருக்கிறது. சில வாரம் இரண்டுதான்.

சென்ற தீபாவளிக்கு அவர் பேருந்து ஏறவில்லை. 2018 முதல் நம் மாநிலத்தில் காலை ஒரு மணி நேரமும் மாலை ஒரு மணி நேரமுமே வெடி வெடிக்க அரசு அனுமதி உண்டல்லவா? எல்லாரும் திட்டும் அந்த ஆணை பெரியப்பாவுக்கு வரமாயிற்று. எப்போது வெடிக்கும் என்று தெரிந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்றார். தெருப் பையன்களிடம் நான் சென்று, நேரம் தவறி எங்கள் தெருவில் வெடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஒருவன் ஏன் என்றான். பெரியப்பாவைக் கேட்காமல் காரணம் சொல்லக்கூடாதே என்று தயங்கினேன். அவரே திண்ணையிலிருந்து, "எனக்கு ஒத்துக்காதுடா" என்றார்.

மாலை ஏழு மணிக்கு நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். முதல் வெடிக்கு என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். எட்டு மணி வரை விடவில்லை.